30 வருஷம், 4 நாள்: ஒரு டிஸ்க் டிரைவரோட கதை

2021 ஆகஸ்ட் 29-ஆம் தேதி லினக்ஸ் கெர்னலோட 5.14 வெர்ஷன் வெளியாச்சு. ஒவ்வொரு வெர்ஷன் வரும்போதும் புதுசா என்ன வந்திருக்குன்னுதான் எல்லாரும் பார்ப்பாங்க. நான் இன்னைக்குப் பேசப் போறது அந்த வெர்ஷன்ல காணாமப் போன ஒரு ஃபோல்டரைப் பத்தி. டிரைவர்ஸ்ங்கிற ஃபோல்டருக்குள்ள ஐடிஈ-ன்னு ஒரு ஃபோல்டர் இருந்துச்சு. உள்ளே சுமார் 40,000 வரி கோட். 90-கள்ல லினக்ஸ் போட்ட முக்கால்வாசி வீட்டு கம்ப்யூட்டர்கள் ஹார்ட் டிஸ்கைப் படிச்சது இந்தக் கோட் வழியாத்தான். அதை மொத்தமா நீக்கிட்டாங்க. பெரிய சத்தம் எதுவும் வரல.

அப்படிச் சத்தமில்லாம நீக்குறதுக்கு 18 வருஷம் ஆச்சு. அதுக்கு முன்னாடி ஒரு தடவை இதே கோடை வேகமா சரிபண்ணப் போய், பெரிய சண்டையாகி, பல மாச உழைப்பைத் தூக்கிப் போட வேண்டி வந்துச்சு. இந்த ரெண்டுக்கும் நடுவுல என்ன வித்தியாசம்? அதுதான் இந்த எபிசோட்.

இந்தக் கேள்வி எனக்கு ஏன் வந்துச்சுன்னு முதல்ல சொல்லிடுறேன். முன்னாடி வேலை பார்த்த இடத்துல பில்களை ஃபைலாச் சேமிச்சு வைக்கிற ஒரு பழைய மாட்யூல் இருந்துச்சு. படிக்கவே முடியாது. "இதைத் தூக்கிட்டுப் புதுசா எழுதிடலாம்"னு மீட்டிங்ல கை தூக்கினவன் நான்தான். எழுதினேன். சுத்தமா இருந்துச்சு, டெஸ்ட் எல்லாம் பாஸ். மூணு வாரம் கழிச்சு ஒரு கஸ்டமர் கிட்டேர்ந்து போன்: "எங்க பில்லைத் திறந்தா வேற யாரோ பில் வருதுங்க." தேடிப் பார்த்தா, முதல் நாள்லேர்ந்தே அப்பப்போ ஒரு ஃபைல் மேல இன்னொரு ஃபைல் விழுந்துக்கிட்டு இருந்திருக்கு. பேக்கப் இருக்கேன்னு ஓடினோம். பேக்கப்பும் மூணு வாரமா அந்தத் தப்பான ஃபைலையே பத்திரமா எடுத்து வெச்சிருந்துச்சு. பழைய கோட்ல நான் தேவையில்லைன்னு நீக்கின ஒரே ஒரு வரிதான் காரணம். அந்த வரிக்குக் கடைசியில வர்றேன்.

ஹார்ட் டிஸ்குக்கு போன் போட்டவர்

1991 ஆகஸ்ட் 25. ஹெல்சின்கி பல்கலைக்கழக மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ், தான் ஒரு ஆப்பரேட்டிங் சிஸ்டம் எழுதிக்கிட்டு இருக்கிறதா மினிக்ஸ் பயன்படுத்துற ஆட்களுக்கு ஒரு அறிவிப்பு போடுறார். இந்த அறிவிப்பு ரொம்பப் பிரபலம். ஆனா அதோட கடைசியில வர்ற ஒரு விஷயத்தைப் பலரும் கவனிக்கறதில்ல. ஏடி வகை ஹார்ட் டிஸ்கைத் தவிர வேற எதுலயும் இது ஓடாது, ஏன்னா என்கிட்ட இருக்கிறது அது ஒண்ணுதான்னு சொல்றார். லினக்ஸோட முதல் ஸ்டோரேஜ் டிரைவர் அப்படித்தான் பிறந்துச்சு. ஒருத்தர் வீட்டு மேஜை மேல இருந்த ஒரு டிஸ்குக்காக எழுதினது.

அந்த டிஸ்குக்கு என்ன ஆச்சுங்கிறதை லினஸே தன்னோட சுயசரிதையில சொல்லியிருக்கார். மோடம் மூலமா யுனிவர்சிட்டிக்கு டயல் பண்ணப் போனவர், மோடமோட டிவைஸ் பேருக்குப் பதிலா ஹார்ட் டிஸ்கோட டிவைஸ் பேரைக் கொடுத்துட்டார். கம்ப்யூட்டர் சொன்னதைச் செஞ்சுச்சு. டயல் பண்ற கட்டளையை டிஸ்க் மேலயே எழுதிருச்சு. அவரோட மினிக்ஸ் பார்ட்டிஷன் காலி. மறுபடி மினிக்ஸ் போடறதா, இல்ல இனிமே லினக்ஸ்லயே வாழறதான்னு யோசிச்சு, லினக்ஸ்லயே இருந்துட்டார்.

இதுல நான் கவனிக்கிற விஷயம் ஒண்ணு இருக்கு. அங்க டிரைவர்ல எந்தப் பிழையும் இல்ல. எழுதச் சொன்னாங்க, எழுதிருச்சு. டிஸ்குக்கு நல்ல பைட், கெட்ட பைட்னு எதுவும் தெரியாது. டிஸ்ப்ளே டிரைவர்ல தப்பு இருந்தா ஸ்கிரீன் அப்பவே கோணலாகும், நம்ம கண்ணுக்குத் தெரியும். நெட்வொர்க்ல ஒரு பாக்கெட் தொலைஞ்சா திரும்பக் கேட்டு வாங்கிக்கலாம். ஆனா டிஸ்க்ல இன்னைக்கு ஒரு பிளாக் தப்பான இடத்துல விழுந்தா, அந்த ஃபைலை நீங்க மறுபடி திறக்கிற நாள்தான் தெரியும். அது அடுத்த வருஷமாக்கூட இருக்கலாம். அதுக்குள்ள அசல் எங்கயுமே மிச்சம் இருக்காது.

256 தடவை கை நீட்டணும்

டிரைவர் அப்படி என்னதான் செய்யுது? அந்தக் கால ஐடிஈ டிஸ்கை ஒரு பழைய காலத்து ரெக்கார்டு ரூமா நினைச்சுக்கோங்க. ஜன்னல்ல ஒரு சீட்டு கொடுக்கணும்: எத்தனையாவது சிலிண்டர், எந்த ஹெட், எந்த செக்டர், படிக்கணுமா எழுதணுமா. இதை ஒவ்வொண்ணா அதுக்குன்னு இருக்கிற ரெஜிஸ்டர்ல எழுதணும். டிஸ்க் தேடி எடுத்துட்டு ஒரு இன்டரப்ட் மூலமா மணி அடிக்கும். அப்புறம் பிராசசரே போய் டேட்டாவை அள்ளிட்டு வரணும். ஒரு தடவைக்கு 2 பைட். ஒரு செக்டர் 512 பைட். அப்போ ஒரு செக்டருக்கு 256 தடவை கை நீட்டணும். இதுக்குப் பேர் பிஐஓ. டிஸ்க் படிக்கிறப்போ கம்ப்யூட்டரே திணர்றதுக்கு இதுதான் காரணம்.

டிஎம்ஏ வந்ததும் நிலைமை மாறுச்சு. டேட்டாவை நேரா மெமரியில கொண்டுபோய்ப் போடு, முடிஞ்சதும் சொல்லுன்னு பிராசசர் தன் வேலையைப் பார்க்கப் போயிடலாம். கேட்க நல்லா இருக்கு. ஆனா டிஎம்ஏ செய்றேன்னு சொன்ன எல்லா சிப்பும் அதை ஒழுங்கா செய்யல. அதனால அந்தக் காலத்துல லினக்ஸ் ஜாக்கிரதையா நடந்துக்கும், வேகமா வேணும்னா நீங்களே ஆன் பண்ணிக்கணும். அதுக்கு ஹெச்டிபார்ம்னு ஒரு கட்டளை. அதை எழுதினவர் மார்க் லார்டு. 1994 வாக்குல ஐடிஈ டிரைவரைத் தனியா ஒரு டிரைவராக் கட்டி எழுப்பினவரும் அவர்தான்.

அளவுலயும் இதே கூத்துதான். பழைய சிலிண்டர்-ஹெட்-செக்டர் கணக்குப்படி பயாஸும் டிஸ்கும் ஒத்துக்கிட்டது 1,024 சிலிண்டர், 16 ஹெட், 63 செக்டர். பெருக்கிப் பாருங்க, 528 மில்லியன் பைட்டைத் தாண்டாது. அதைத் தாண்டினா 28 பிட் முகவரி வந்துச்சு, அது 137 ஜிபியில முட்டுச்சு. அப்புறம் 48 பிட். இதெல்லாம் போதும்னு யாரோ ஒரு கமிட்டியில முடிவு பண்ணுவாங்க, சில வருஷத்துல போதாமப் போகும், டிரைவர்ல இன்னொரு கிளை முளைக்கும்.

பொய் சொல்ற சிப்

90-களோட நடுப்பகுதியில சிஎம்டி640-ன்னு ஒரு ஐடிஈ சிப் பல மதர்போர்டுகள்ல வந்துச்சு. ஆர்இசட்1000-ன்னு இன்னொண்ணு. ரெண்டுலயும் டிசைன்லயே பிழை. சில சூழ்நிலைகள்ல டேட்டாவைச் சத்தமில்லாம கெடுத்துரும். சிப்பைத் திரும்ப வாங்கி எல்லார் வீட்டு போர்டுலயும் மாத்த முடியுமா? முடியாது. அதனால இந்தச் சிப் இருந்தா இப்படி நடந்துக்கோ, இதைச் செய்யாதேன்னு டிரைவருக்குள்ள விதி எழுதினாங்க.

இப்படியே ஒவ்வொரு சிப்புக்கும், ஒவ்வொரு டிஸ்க் மாடலுக்கும் ஒரு விதிவிலக்கு சேர்ந்துக்கிட்டே போச்சு. இன்னைக்கும் லினக்ஸ் கெர்னல்ல டிஸ்க் மாடல் பேர்களை வரிசையா எழுதி, இந்த மாடல் கிட்ட இந்த வசதியைக் கேட்காதேன்னு சொல்ற ஒரு நீளமான அட்டவணை இருக்கு. வெளியிலேர்ந்து பார்த்தா அசிங்கமான கோட். ஆனா அந்த ஒவ்வொரு வரிக்குப் பின்னாடியும் யாரோ ஒருத்தரோட டேட்டா போயிருக்கு, அவர் புகார் எழுதியிருக்கார், இன்னொருத்தர் உட்கார்ந்து காரணம் கண்டுபிடிச்சிருக்கார்.

90-களோட கடைசியில இந்தக் கோடைப் பார்த்துக்கிட்டவர் ஆண்ட்ரே ஹெட்ரிக். அமெரிக்கர். ஏடிஏ தரநிலையை எழுதுற டி13 கமிட்டியிலயும் அவர் உட்கார்ந்திருந்தார். 2000 கடைசியில அந்தக் கமிட்டிக்கு ஒரு முன்மொழிவு வந்துச்சு. சிபிஆர்எம்னு பேர். காப்பிரைட் உள்ள பாட்டு, படம் இதையெல்லாம் காப்பி பண்ண விடாம ஸ்டோரேஜ் டிவைஸே தடுக்கிற மாதிரியான ஏற்பாடு. உங்க டிஸ்க் உங்க பேச்சைக் கேட்காம வேற ஒருத்தர் பேச்சைக் கேட்கும்னு ஹெட்ரிக் வெளிப்படையா எதிர்த்தார். பத்திரிகைகள்ல பெரிய விவாதமாச்சு. கடைசியில அந்த வடிவத்துல அது தரநிலைக்குள்ள வரல. டிரைவர் பராமரிக்கிறவர் வெறும் கோட் திருத்துற ஆள் இல்லைங்கிறதுக்கு நான் அடிக்கடி சொல்ற உதாரணம் இது. டிஸ்க் யாருக்கு விசுவாசமா இருக்கணும்ங்கிற சண்டையில நம்ம பக்கம் உட்கார ஒருத்தர் இருந்தார்.

அதே சமயம், அவரோட வேலை செய்றது சுலபமில்லன்னு கூட இருந்தவங்க நினைச்சதும் உண்மை. அவர் டிரைவர் ஓடுச்சு. ஆனா அதை முழுசாப் புரிஞ்சுக்கிட்டவங்க ரொம்பக் கம்மி.

2002: ஓடுற வண்டியில இன்ஜின் மாத்தினது

2002-ல லினக்ஸ் 2.5 உருவாகிட்டு இருந்துச்சு. 2.5-ங்கிறது பரிசோதனைத் தொடர், அடுத்து வர்ற நிலையான 2.6-க்கான பட்டறை. டிஸ்குக்கு மேல இருக்கிற பிளாக் லேயரை டென்மார்க்காரரான யென்ஸ் ஆக்ஸ்போ அப்போதான் மாத்தி எழுதியிருந்தார். அந்த நேரத்துல மார்ட்டின் டலெக்கின்னு ஒருத்தர் ஐடிஈ கோடைச் சுத்தம் பண்றேன்னு பேட்ச் அனுப்ப ஆரம்பிக்கிறார். லினஸும் ஏத்துக்கிறார். ஒண்ணு, ரெண்டு, பத்து, அம்பதுன்னு போய் எண்ணிக்கை 100-ஐத் தாண்டுச்சு.

அவரோட நோக்கத்தைத் தப்பு சொல்ல முடியாது. அந்தக் கோட் நிஜமாவே சிக்கலாத்தான் இருந்துச்சு. ஆனா பிரச்சினை வேற இடத்துல. நீங்க நெட்வொர்க் டெவலப்பர்னு வெச்சுக்கோங்க. 2.5-ல உங்க நெட்வொர்க் மாற்றத்தைச் சோதிக்கணும். அதுக்கு உங்க மெஷின்ல 2.5 பூட் ஆகணும். பூட் ஆகணும்னா ஐடிஈ டிஸ்கை அது தொடணும். அந்த ஐடிஈ கோட் வாராவாரம் மாறிக்கிட்டு இருக்கு. உங்க டிஸ்க் போகுமா இருக்குமான்னு தெரியாது. அதனால பல டெவலப்பர்கள் 2.5-ஐத் தங்களோட மெஷின்ல ஓட்டவே தயங்கினாங்க. ஒரு ஃபோல்டர்ல இருந்த பயம் மொத்த கெர்னலோட சோதனையையும் மெதுவாக்கிருச்சு. ஹெட்ரிக்குக்கும் டலெக்கிக்கும் நடுவுல கடுமையான வாக்குவாதம் வேற.

2002 ஆகஸ்ட்ல முடிவு வந்துச்சு. 2.4-ல இருந்த பழைய ஐடிஈ கோடை ஆக்ஸ்போ 2.5-க்குக் கொண்டு வந்தார். டலெக்கியோட மாற்றங்களை லினஸ் மொத்தமா வெளியே எடுத்துட்டு, பழையதைத் திரும்ப வெச்சார். பல மாச வேலை ஒரே நாள்ல இல்லாம ஆச்சு. டலெக்கி விலகிட்டார்.

இதை முதல் தடவை படிச்சப்போ எனக்கு டலெக்கி மேல ஒரு பரிதாபம் வந்துச்சு. ஏன்னா அந்த இடத்துல நான் நின்னிருக்கேன். அவர் அழகா இல்லாத ஒண்ணை அழகாக்கப் பார்த்தார். ஆனா அசிங்கமான ஒவ்வொரு வரியிலயும் ஒரு சிப்போட பொய் ஒளிஞ்சிருக்கு. அந்தச் சிப் உங்க மேஜையில இல்லாதப்போ, அந்த வரி உங்களுக்குக் குப்பையாத்தான் தெரியும். எடுத்துப் போட்டா உங்க மெஷின்ல எதுவும் உடையாது. உலகத்துல எங்கயோ ஒரு வீட்ல உடையும்.

பக்கத்து மனையில புது வீடு

அடுத்த வருஷம், 2003. சாட்டா டிஸ்க் வர ஆரம்பிச்சுருச்சு. அந்த அகலமான ரிப்பன் கேபிள் போய் மெல்லிசா ஒரு கேபிள். இதுக்கு ஜெஃப் கார்சிக் ஒரு டிரைவர் எழுதினார். பேரு லிப்ஏடிஏ. அவர் செஞ்சதுல ரெண்டு முடிவு எனக்கு முக்கியமாப் படுது.

முதல் முடிவு, பழைய ஐடிஈ ஃபோல்டரை அவர் தொடவே இல்ல. பக்கத்துலயே தனியாக் கட்டினார். பழைய டிஸ்க் வெச்சிருக்கிறவங்களுக்கு எதுவும் மாறல. புது டிஸ்க் வாங்கினவங்க மட்டும் புது வீட்டுக்கு வந்தாங்க.

ரெண்டாவது முடிவு, எல்லாத்தையும் புதுசா எழுதல. சர்வர்கள்ல ஓடின ஸ்கஸி டிஸ்குகளுக்கு கெர்னல்ல ஏற்கெனவே ஒரு அடுக்கு இருந்துச்சு. கட்டளைகளை வரிசையில நிறுத்துறது, தப்பு வந்தா மீட்கறது எல்லாம் அங்க ரொம்ப நாளா ஓடிக்கிட்டு இருந்துச்சு. லிப்ஏடிஏ நடுவுல ஒரு மொழிபெயர்ப்பாளரா உட்கார்ந்துச்சு. மேலேர்ந்து ஸ்கஸி மொழியில கட்டளை வரும், அதை ஏடிஏ மொழிக்கு மாத்தி டிஸ்குக்குச் சொல்லும். உங்க லேப்டாப்ல சாட்டா டிஸ்கோட பேர் ஏன் எஸ்டிஏ-ன்னு இருக்குன்னு யோசிச்சிருக்கீங்களா? அந்த எஸ், ஸ்கஸியிலேர்ந்து வந்தது. பழைய ஐடிஈ டிரைவர்ல அதோட பேர் ஹெச்டிஏ.

2006 இதுல பெரிய வருஷம். தேஜுன் ஹியோ, பிழை வந்தா எப்படி மீள்றதுங்கிற பகுதியைத் திரும்ப எழுதினார். டிஸ்க் பதில் சொல்லாமப் போனா என்ன பண்ணணும், எத்தனை தடவை முயற்சி பண்ணணும், எப்போ வேகத்தைக் குறைக்கணும். ஒரே நேரத்துல பல கட்டளைகளை டிஸ்க் கிட்ட கொடுத்து, அது தன் வசதிக்கு ஏத்த வரிசையில முடிக்கிற என்சிக்யூ வசதியும் அதோட வந்துச்சு. அதே வருஷக் கடைசியில ஆலன் காக்ஸ், பழைய ரிப்பன் கேபிள் சிப்களுக்கும் லிப்ஏடிஏல டிரைவர்கள் எழுதிக் கொண்டு வந்தார். இப்போ பழைய டிஸ்க் வெச்சிருக்கிறவங்களும் விரும்பினா புது வீட்டுக்கு வரலாம்.

விரும்பினா. அதுதான் முக்கியம். 2007-ல ஃபெடோரா 7, பழைய டிஸ்குகளையும் லிப்ஏடிஏக்கு மாத்துச்சு. அப்போ எல்லா ஹெச்டிஏவும் எஸ்டிஏ ஆச்சு. பூட் ஆகிறப்போ படிக்கிற ஃபைல்ல ஹெச்டிஏ-ன்னு கையால எழுதி வெச்சிருந்தா, டிஸ்க் நல்லாவே இருந்தாலும் மெஷின் அதைத் தேடிக்கிட்டு நிக்கும். டிஸ்கோட பேருக்குப் பதிலா லேபிளையும் யூயூஐடியையும் எழுதுற பழக்கம் பரவினதுக்கு இந்தப் பேர் மாற்றமும் ஒரு காரணம். பக்கத்து மனையில கட்டினாலும், குடி மாறுற அன்னைக்கு வலி இருக்கத்தான் செய்யும்.

பழைய வீட்டுக்குக் காவல் இருந்தவர்

இவ்வளவு நேரம் புது வீட்டைப் பத்தியே பேசிட்டோம். பழைய வீட்ல யார் இருந்தாங்க? இந்தப் பேரைச் சரியாச் சொல்ல நான் நாலு தடவை பிராக்டிஸ் பண்ணினேன்: பார்ட்வோமியெய் ஜொவ்னியர்கியெவிச். போலந்துக்காரர்.

2002 சண்டைக்கு அப்புறம் ஆலன் காக்ஸ் கொஞ்ச காலம் ஐடிஈ கோடைத் தேத்தினார், அதுக்கப்புறம் இவர் கைக்கு வந்துச்சு. எல்லாருக்கும் தெரியும், எதிர்காலம் லிப்ஏடிஏதான். ஆனாலும் இவர் நூற்றுக்கணக்கான பேட்ச் எழுதினார். டலெக்கி ஆசைப்பட்ட மாதிரியான சுத்தம்தான், ஆனா சின்னச் சின்ன அடியா, பல வருஷம் எடுத்துக்கிட்டு. 2009-ல அவர் பொறுப்பை விட்டப்போ, நெட்வொர்க் பகுதியைப் பார்த்துக்கிற டேவிட் மில்லர் ஏத்துக்கிட்டார். அதுக்கப்புறம் பிழை திருத்தம் மட்டும்தான், புது வேலை எதுவும் இல்ல.

அப்போ ஏன் 2009-லயே நீக்கல? ஏன்னா அதுல இன்னும் ஆள் குடியிருந்தாங்க. அமிகா, அட்டாரி மாதிரி மோட்டரோலா 68000 குடும்பத்துச் சிப்ல ஓடுற பழைய மெஷின்கள். அதை இன்னும் ஆசையா வெச்சு லினக்ஸ் ஓட்டுறவங்க ஒரு சின்னக் கூட்டம். அவங்களோட டிஸ்குக்கு லிப்ஏடிஏல டிரைவர் இல்ல. பத்துப் பேருக்காக 40,000 வரியை வெச்சிருக்கணுமான்னு கேட்டா, நம்ம ஆஃபீஸ் மீட்டிங்ல பதில் ரெண்டு நிமிஷத்துல வந்துரும்.

இங்கதான் எனக்குப் பிடிச்ச இடம் வருது. அட்டாரி ஃபால்கனுக்கும், அப்புறம் 2018-ல அமிகாவுக்கும் லிப்ஏடிஏ டிரைவர் எழுதிக் கொடுத்தது யார் தெரியுமா? பழைய வீட்டுக்குக் காவல் இருந்த அதே ஜொவ்னியர்கியெவிச். தான் வருஷக்கணக்கா மெருகேத்தின கோடை நீக்கறதுக்கு வழி பண்ணிக் கொடுத்தார். அந்தப் பழைய மெஷின்களை வெச்சிருக்கிறவங்க தங்களோட ஹார்டுவேர்ல ஓட்டிப் பார்த்துச் சொன்னாங்க.

அதுக்கப்புறம்தான் 2021-ல கிறிஸ்டோஃப் ஹெல்விக் அந்த ஃபோல்டரை நீக்கற பேட்சை அனுப்பினார். காரணம் என்ன? இடம் அடைக்குதுங்கிறது மட்டும் இல்ல. அந்தப் பழைய டிரைவருக்காகவே மேல இருக்கிற பிளாக் லேயர்ல பல பழைய ஏற்பாடுகளைச் சுமந்துக்கிட்டு இருந்தாங்க. இதை எடுத்தாத்தான் அதை எடுக்க முடியும். 1991 ஆகஸ்ட் 25-ல என்கிட்ட இருக்கிறது இந்த டிஸ்க்தான்னு லினஸ் எழுதினதிலேர்ந்து 2021 ஆகஸ்ட் 29 வரைக்கும் எண்ணினா, 30 வருஷம், 4 நாள்.

ஆண்ட்ரே ஹெட்ரிக் இதைப் பார்க்க இல்ல. 2012-ல காலமாயிட்டார்.

பக்கத்துல கட்டினா மட்டும் போதுமா?

இத்தோட முடிச்சா நல்ல நீதிக் கதை. பழசைத் தொடாதே, பக்கத்துல கட்டு, காத்திரு. ஆனா இன்னொரு சம்பவத்தைச் சொல்லாம விட்டா நான் உங்களை ஏமாத்தினதா ஆகும்.

டிஸ்க் சுத்துறப்போ பிளாக் லேயரோட வேலை ஒரு அபார்ட்மென்ட் லிஃப்ட் மாதிரி. கெர்னல்ல அதோட பேரே எலிவேட்டர்தான். அஞ்சாவது மாடி, ரெண்டாவது மாடி, ஆறாவது மாடின்னு கேட்ட வரிசையில ஓடாம, போற வழியில இருக்கிறதை முடிச்சுட்டுப் போகும். ஒரே ஒரு வரிசை, அதுக்கு ஒரு பூட்டு. நொடிக்கு நூத்துச் சொச்சம் தடவை தேடுற டிஸ்குக்கு அது தாராளம். எஸ்எஸ்டி வந்ததும் அதே ஒத்தைக் கவுன்ட்டர்ல எல்லா கோரும் வரிசையில நின்னு, பூட்டுக்காகக் காத்திருக்க ஆரம்பிச்சுச்சு. டிஸ்க் சும்மா இருக்கு, பிராசசர் வரிசையில நிக்குது. அதனால ஆக்ஸ்போவும் மற்றவர்களும் ஒவ்வொரு கோருக்கும் தனி வரிசை கொடுக்கிற பிஎல்கே-எம்க்யூவைக் கட்டினாங்க. 2014 ஜனவரியில வந்த 3.13-ல அது சேர்ந்துச்சு. அதையும் பக்கத்து மனையிலதான் கட்டினாங்க. டிரைவர்கள் ஒவ்வொண்ணா மாறினாங்க. ஸ்கஸி பக்கத்தை 2017-ல மாத்திப் பார்த்து, சிலருக்கு வேகம் குறைஞ்சதுன்னு பின்வாங்கினாங்க. 2018 அக்டோபர்ல 4.19-ல மறுபடி மாத்தினாங்க. எல்லாம் நிதானமா, ஒழுங்கா.

சில வாரத்துல புகார் வர ஆரம்பிச்சுச்சு. ஃபைல்கள் கெட்டுப் போகுது. எக்ஸ்ட்4 ஃபைல் சிஸ்டம் வெச்சிருந்தவங்க நிறையப் பேர் சொன்னதால எல்லாரும் எக்ஸ்ட்4-ஐத்தான் சந்தேகப்பட்டாங்க. அதைப் பராமரிக்கிற தியோடோர் ட்சோவும் மற்றவர்களும் தேடித் தேடிப் பார்த்தாங்க. சிலருக்கு வந்துச்சு, பலருக்கு வரவே இல்ல. கடைசியில டிசம்பர் முதல் வாரத்துல காரணம் கீழே பிளாக் லேயர்ல கிடைச்சுச்சு. வேகத்துக்காக 4.19-ல சேர்த்த ஒரு சின்ன மாற்றம். வேலையை வரிசையில போடாம நேரா டிரைவர் கையில கொடுத்துடறது. டிரைவர் இப்போ பிஸின்னு திருப்பி அனுப்பினா, அதை மறுபடி வரிசையில வைக்கணும். வரிசையில வெச்சதும், பக்கத்துல இருக்கிற இன்னொரு வேலையோட அதைச் சேர்த்து ஒண்ணாக்கிட்டாங்க. ஆனா முதல் தடவை வாங்கினப்பவே டிரைவர் எந்தெந்த மெமரி, எவ்வளவு நீளம்னு குறிப்பு எடுத்து வெச்சிருச்சு. வேலை இப்போ பெருசாயிருச்சு, குறிப்பு பழசு. அவ்வளவுதான், டேட்டா போச்சு.

ஆக்ஸ்போ திருத்தம் எழுதினார், 4.19-க்கும் அப்போ உருவாகிட்டு இருந்த 4.20-க்கும் உடனே போச்சு. 2019 மார்ச்ல வந்த 5.0-ல அந்தப் பழைய ஒத்தை வரிசையையே நீக்கிட்டாங்க.

பாருங்க, முறை எல்லாம் சரியா இருந்துச்சு. இருந்தும் சிலரோட ஃபைல் போச்சு. 2002-க்கும் 2018-க்கும் நடுவுல நான் பார்க்கிற வித்தியாசம் வேற. 2018-ல பிழை வந்தப்போ, மாத்தின ஆளே அங்க நின்னார். எக்ஸ்ட்4 ஆள், பிளாக் லேயர் ஆள், தன் டிஸ்கைப் பணயம் வெச்சு கெர்னலை மாத்தி மாத்தி பூட் பண்ணிப் பார்த்த பயனர்கள், எல்லாரும் ஒரே இடத்துல சேர்ந்து ஒவ்வொரு சந்தேகமா அடிச்சாங்க. எந்த மாற்றம் எப்போ ஏன் வந்துச்சுங்கிறது ஒவ்வொரு பேட்ச்லயும் எழுதியிருந்துச்சு. அதனால கண்டுபிடிக்க முடிஞ்சுச்சு.

அந்த ஒரு வரி

என் கதைக்கு வர்றேன். பழைய மாட்யூல்ல ஃபைலுக்குப் பேர் வைக்கிறதுக்கு முன்னாடி, அந்தப் பேர்ல ஏற்கெனவே ஃபைல் இருக்கான்னு ரெண்டாவது தடவை பார்க்கிற ஒரு வரி இருந்துச்சு. முதல் தடவை பார்த்தாச்சு, ரெண்டாவது எதுக்குன்னு நீக்கினேன். ரெண்டு சர்வர் ஒரே நொடியில ஒரே பேரைத் தேர்ந்தெடுத்தா என்ன ஆகும்ங்கிறதுக்கான பதில் அந்த வரி. முழுசாத் தடுக்கல, ஆனா பெரும்பாலும் காப்பாத்திக்கிட்டு இருந்திருக்கு. எழுதினவர் வேலையை விட்டுப் போய் நாலு வருஷம். கமென்ட் எழுதல. நானும் யாரையும் கேட்கல. கேட்டிருந்தா, அந்தக் காலத்துல சப்போர்ட்ல இருந்த அக்காவுக்குத் தெரிஞ்சிருக்கும். அப்புறம் அவங்கதான் சொன்னாங்க: "அது ஒரு தடவை ஆச்சுப்பா, அதுக்குத்தான் அவர் அதைப் போட்டார்."

போன பில்களைப் பாதிக்கு மேல மெயில்லேர்ந்து தேடி எடுத்தோம். மீதி கிடைக்கல.

இப்பவும் பழைய கோடைப் பார்த்தா எனக்குக் கை அரிக்கும், பொய் சொல்ல மாட்டேன். ஆனா ஒரு வரியை நீக்கறதுக்கு முன்னாடி, அது எந்த நாள் சேர்ந்துச்சுன்னு வரலாற்றைத் தோண்டிப் பார்க்கிறேன். அந்த நாள்ல இருந்த ஒருத்தருக்காவது போன் போட்டுக் கேட்கிறேன். புதுசைப் பக்கத்துல கட்டுறேன். பழசுல கடைசியா யார் இருக்காங்கன்னு பேர் பேரா எழுதி வெச்சு, அவங்க மாறுற வரைக்கும் காத்திருக்கிறேன். மேனேஜர் கேட்டா, அமிகா கதையைச் சொல்றேன்.

உங்க ஆஃபீஸ்ல யாரும் தொட பயப்படுற அந்த ஒரு ஃபைல் எதுன்னு யோசிச்சுப் பாருங்க. அதை எழுதினவர் இன்னும் பக்கத்து சீட்ல இருந்தா, நாளைக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்து, ஏன் இப்படி எழுதினீங்கன்னு கேளுங்க. கேட்டதைக் கமென்ட்ல எழுதி வைங்க. அடுத்த எபிசோட்ல பார்க்கலாம்.